இமையில்லாத உயிருக்கு ஒரு வீடு

விருத்தாசலத்தில் எந்தப் பீங்கான் கொட்டகையின் பின்பக்கம் போனாலும் ஒரு குவியல் கிடக்கும். சூளையில் வெடித்த கொலு பொம்மைகள், விளிம்பு போன ஊறுகாய் ஜாடிகள், துளை கோணிக்கொண்ட ஃபியூஸ் கேரியர்கள் என்று கடைக்குப் போக முடியாதவை எல்லாம் அங்கே வந்து சேரும். பச்சை மண்ணாக இருந்தால் மழையில் கரைந்து மறுபடியும் மண்ணாகிவிடும். சுட்ட பீங்கானுக்கு அந்தப் பேறு இல்லை. உடைந்த உருவத்தோடேயே அது காலத்துக்கும் கிடக்க வேண்டும். இடுக்குகளில் எருக்கு முளைக்கும், நாயுருவி மண்டும், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அப்படியொரு குவியலின் ஓரத்தில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில், பாம்புச் சட்டை ஒன்றைக் கண்டேன். பிள்ளையார் பொம்மை ஒன்றின் முதுகுக்கும் ஜாடி ஒன்றின் வயிற்றுக்கும் நடுவே இருந்த சந்தில் சிக்கி, பாதி வெளியே தெரிந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர்.

"உள்ள கைய வுடாத தம்பி. அது பாட்டுக்குக் கெடக்குது."

"எத்தன நாளா இருக்கு ஆயா?"

"யாரு கண்டா? வருசா வருசம் சட்டதான் கண்ணுல படுது. அத நான் பாத்ததே இல்ல."

சட்டையை மட்டும் மெல்ல உருவி எடுத்தேன். கையில் வைத்திருப்பதே தெரியாத எடை. காலுறையைக் கழற்றும்போது உட்புறம் வெளிப்புறமாவதுபோல முழுக்கப் புரண்டிருந்தது. வயிற்றுப் பக்கத்துச் செதில்கள் அகல அகலமாக, ஏணிப்படி மாதிரி, வால் தொடங்கும் இடம்வரை இறங்கின. தலைப்பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். கண் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓட்டை இல்லை. இரண்டு பக்கமும் மிளகைவிடச் சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. அவற்றின் வழியே வானத்தின் வெளிச்சம் வந்தது. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை ஒளிபுகும் செதில் ஒன்று மூடியிருக்கிறது, சட்டையோடு அதுவும் கழன்று வந்துவிடுகிறது என்பதெல்லாம் நாம் பள்ளியில் படித்தவைதாம். ஆனால் படித்தது கையில் வந்து உட்காரும்போது கேள்வியாகிவிடுகிறது.

கண்ணை மூடிக்கொள்ள முடியாத ஓர் உயிர் எங்கே போய் ஓய்வு கொள்ளும்? நமக்குத் துக்கம் வந்தால் கண்ணை மூடுகிறோம். சாமி கும்பிடும்போது மூடுகிறோம். பார்க்கச் சகிக்காத ஒன்று எதிரே வரும்போது, இரண்டு மெல்லிய தோல்மடிப்புகளைக் கொண்டு உலகத்தையே அப்புறப்படுத்திவிடுகிறோம். பிறக்கும்போதே உடலோடு நாம் கொண்டுவந்த முதல் கதவு இமைதான். பாம்புக்கு அந்தக் கதவு தரப்படவில்லை. எனவே அது தன் கதவை வெளியே தேடுகிறது. எலி வளையில், கல் இடுக்கில், வைக்கோல் போரின் அடியில், உடைந்த பொம்மைக்கும் ஜாடிக்கும் நடுவிலுள்ள சந்தில் தேடுகிறது. இமையில்லாத உயிருக்கு இருட்டுதான் இமை. சட்டை உரிப்பதற்கு முந்திய சில நாட்களில் அதன் கண் பால் படிந்ததுபோல் மங்கிவிடும். தெளிவாகப் பார்க்கவும் முடியாது, மூடிக்கொள்ளவும் முடியாது. தொட்டால் சீறும் பதற்றத்தோடு மறைவின் ஆழத்துக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். பார்த்ததே இல்லை என்று ஆயா சொன்னது அந்தப் பாம்புக்கு எவ்வளவு பெரிய வரம் என்பது, சட்டையின் அந்தக் கண்கிண்ணங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாம்பு வீடு கட்டுவதில்லை. தோண்டக் கால் இல்லை, சுமக்கத் தோள் இல்லை. ராஜநாகத்தில் பெண் மட்டும் முட்டையிடும் காலத்தில் தன் உடலின் வளைவாலேயே இலைதழைகளை இழுத்துக் குவித்துக் கூடு அமைக்கிறது. மற்ற பாம்புகளிடம் இப்படிக் கூடு கட்டும் வழக்கம் இல்லை. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல என்று நம் பழமொழி அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. உழைத்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்ற நம்முடைய நியாயமான மனக்குறையைச் சொல்ல அந்தப் படிமம் உதவியது. ஆனால் பாம்பின் பக்கத்திலிருந்து அதை யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. வெளியே வெயில் மண்ணைப் பிளக்கும்போதும் புற்றின் உள்ளே ஈரம் இருக்கும். சித்திரையின் சூடும் மார்கழியின் குளிரும் அதற்குள் அப்படியே போய்விடுவதில்லை. எச்சில் கலந்த மண்ணால் கரையான் எழுப்பிய அந்தக் கட்டடத்தில் பாம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம் ஈரம், கொஞ்சம் இருட்டு, உடம்பைச் சுற்றிலும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சுவர், அவ்வளவுதான். பிறர் கட்டியதில் குடியிருப்பது பாம்புக்கு மட்டும் நேர்ந்த இழிவா என்றும் நாம் யோசிக்கலாம். முதல் பத்து மாதம் நாம் குடியிருந்த அறையை நாம் கட்டவில்லை. பேசுகிற மொழியை நாம் கட்டவில்லை. எவரோ வெட்டிய ஏரியின் தண்ணீரில்தான் நம் நெல் விளைகிறது.

ஆகவே ஒருவர் பாம்பு ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நினைக்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ கரையானின் இடத்துக்கு வந்துவிடுகிறார். தன்னால் கட்டிக்கொள்ள முடியாத ஓர் உயிருக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பு அது.

இப்படி நினைப்பவர்கள் நம் நகரங்களில் பெருகி வருகிறார்கள். நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் ஆசை கடல் தாண்டிப் போகிறது. 2023 ஏப்ரல் மாதக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளைச் சுங்கத் துறையினர் திறந்தபோது, பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. நாளிதழ்களில் அந்தப் படங்களை நாம் பார்த்தோம். சுங்கத்துறைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் பால் பைத்தான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. அங்கேயும் அது எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான் குடியிருக்கிறது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயர். சுருளும்போது தலையை நடுவில் வைத்து உடம்பால் மூடிக்கொள்ளும். ஒளிவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் அது தன் உடம்பையே புற்றாக்கிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொண்டால், ஓர் உயிருக்கு வீடு எவ்வளவு அடிப்படையான தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பார்ப்பவர்களோ அதை அழகு என்கிறார்கள். அந்தப் பந்து வடிவத்தைப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அச்சத்தின் உருவத்தை அழகு என்று எடுத்துக்கொள்ளும் பிழையை நாம் பாம்புகளிடம் மட்டும் செய்வதில்லை.

பாம்பை வளர்ப்பவர் முதலில் வாங்குவது கண்ணாடித் தொட்டியைத்தான். அதற்கு வெப்ப விளக்கு வேண்டும், தண்ணீர்க் கிண்ணம் வேண்டும், ஒளிய ஒரு மறைவிடம் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. என்ன வேண்டும் என்ற பட்டியலில் இங்கே தகராறு இல்லை. யாருக்காக என்பதில்தான் தகராறு. கண்ணாடி பாம்பின் தேவை அன்று. அது பார்க்கிறவனின் தேவை. கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போன எவரும் இதைக் கண்டிருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பாம்பு ஓர் ஓரத்தில் அசையாமல் கிடக்கும். பிள்ளைகள் வருவார்கள், அசையவில்லையே என்று விரலால் தட்டுவார்கள், பெரியவர்களும் தட்டுவார்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லையே தவிர, அதன் தாடையெலும்பு அதிர்வை உட்காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாம் தட்டும் ஒவ்வொரு தட்டும் அதன் எலும்பில் விழுகிறது. இமையும் இல்லாமல், மறைவும் இல்லாமல், எலும்பில் தட்டு விழுந்துகொண்டே இருக்க, நாள் முழுக்கப் பார்க்கப்படுவது என்றால் என்ன என்று நாம் ஒரு நிமிடம் கற்பனை செய்ய வேண்டும். அந்தக் கற்பனை வந்துவிட்டால் கண்ணாடியின் மூன்று பக்கத்தை நாமே அட்டையால் மறைத்துவிடுவோம்.

வெப்ப விளக்கிலும் இப்படி ஓர் உண்மை இருக்கிறது. பாம்பைக் குளிர் இரத்தப் பிராணி என்கிறோம். அதன் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. உள்ளே உலை இல்லாததால், வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே நகர்ந்து நகர்ந்து தன் சூட்டைத் தானே அமைத்துக்கொள்கிறது. இரை செரிக்க வேண்டுமா, சூடான பக்கம் போகும். போதும் என்றால் குளிர்ந்த பக்கம் திரும்பும். எனவே தொட்டியை ஒரே சீராகச் சூடாக்கி வைத்தால், எவ்வளவு சரியான சூடாக இருந்தாலும் அது தண்டனையே. ஒரு முனை வெப்பமாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் எங்கே இருப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் பாம்பிடம் இருக்க வேண்டும். நல்லதைத் தேர்ந்து கொடுத்துவிட்டால் அன்பு நிறைவேறிவிட்டது என்று நாம் நம்புகிறோம். பிள்ளைக்கு நல்ல படிப்பை, மருமகளுக்கு நல்ல வழக்கத்தை, வயதான தந்தைக்கு நல்ல வேளையில் நல்ல உணவை நாமே தேர்ந்து கையில் வைத்துவிட்டு, அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லையே என்று வருந்துகிறோம். கொடுத்ததெல்லாம் நல்லதுதான். நகர்ந்து போக ஒரு குளிர்ந்த முனையை மட்டும் நாம் விட்டுவைக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் பாம்புக்கு வேறொரு வீடு இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். இலட்சக்கணக்கான தோல்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் பைகளாகவும் காலணிகளாகவும் மாறிய காலம் அது. 1972இன் சட்டமும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, கடிமுறி மருந்து செய்வோருக்குத் தருவதென்ற வழி பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கண்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் அங்கே மண்பானையில்தான் வைக்கப்படுகின்றன. பானையில் பாதிக்கு மணல். ஒரு பானைக்கு இரண்டு பாம்பு. வாயை மூடி இறுகக் கட்டிய பருத்தித் துணி. நம் வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பானை எப்படியோ அப்படியேதான் இருக்கும். மூன்று நான்கு வாரம் அங்கே வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்செடுத்து, மறுபடி அதே பாம்பைப் பிடித்துவிடாமலிருக்க வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பானை விசாலமானதல்ல. சொகுசானதும் அல்ல. ஒரு பாம்பு ஆயுள் முழுக்க வாழத் தக்க இடம் அது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பானையில் ஒரு ஞானம் இருக்கிறது என்று எண்ணுகிறேன். பிடித்து வந்தவனுக்குப் பாம்பைக் காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லாததால், பானை யாருடைய கண்ணுக்காகவும் செய்யப்படவில்லை. இருட்டும் குளிர்ச்சியும் வளைந்த சுவரும் அங்கே பாம்புக்குக் கிடைக்கின்றன. பெரிதாகப் படித்திராத ஒரு சமூகம், தலைமுறை தலைமுறையாக வளைவாயில் மண்டியிட்டுக் கற்றதை வைத்து, புற்றுக்கு மிக அருகில் வரும் ஒரு பொருளைத் தன் பரணிலிருந்தே எடுத்துக் கொடுத்திருக்கிறது. அவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் அழைக்கப்பட்டுப் போனவர்கள் அவர்கள்.

பீங்கான் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பானையை நினைக்கும்போது மண்ணைப் பற்றி ஒன்று தோன்றுகிறது. இங்கே நாம் களிமண்ணை அரைத்து வடிகட்டி, அச்சில் வார்த்து, மெருகு பூசி, ஆயிரத்து இருநூறு டிகிரி செல்சியஸையும் தாண்டிய சூட்டில் சுடுகிறோம். மண்ணின் நுண்துளைகள் எல்லாம் உருகி அடைபட்டுப்போகின்றன. நீர் புகாது, மின்சாரம் பாயாது. அதற்காகத்தானே ஃபியூஸ் கேரியரைப் பீங்கானில் செய்கிறோம். குயவர் சுடும் பானை அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. அதன் துளைகள் திறந்தே இருக்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து, காற்றில் ஆவியாகி, பானையைக் குளிரச் செய்கிறது. ஒரே மண்தான். ஒன்று அடைபட்டதால் பயன்படுகிறது, இன்னொன்று திறந்திருப்பதால் பயன்படுகிறது. பாம்பின் வீட்டுக்கோ இந்த இரண்டு குணமும் வேண்டியிருக்கிறது. மின்கம்பியும் மனிதக் கையும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று தீண்டாமல் காப்பது பீங்கானின் தர்மம். நஞ்சுள்ள உயிரும் நாமும் அருகருகே வாழ நேரும்போது அப்படியோர் உறுதியான தடுப்பு வேண்டும். அதே சுவர் உள்ளிருப்பதன் மூச்சையும் அடைத்துவிடக் கூடாது.

இதை உணர்ச்சிப் பெருக்கில் மட்டும் பேசிவிட முடியாது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில், இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நெல்வயலும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த நம் பகுதியில் இந்த எண்ணிக்கை வெறும் எண்ணாக யாருக்கும் படாது. வரப்பில் கால் வைத்து வீடு திரும்பாதவர்களை நாம் அறிவோம். எலியைத் தேடிப் பாம்பு வருகிறது, நெல்லைத் தேடி எலி வருகிறது, நெல்லைக் குவித்து வைப்பது நாம். இந்தச் சங்கிலியில் பாம்புக்கு நம்மேல் பகை ஏதும் கிடையாது. பகை இல்லாமலே மரணம் நேர்கிறது என்பதுதான் கொடுமை. அந்தக் கொடுமைக்கு மருந்து எந்த நஞ்சிலிருந்து செய்யப்படுகிறதோ, அந்த நஞ்சைச் சுமந்த உயிர் பானையின் இருட்டில் மூன்று வாரம் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகிறது. அச்சமும் மரியாதையும் ஒரே பாத்திரத்தில் இருக்க முடியும் என்பதை அந்தப் பானையைத் தவிர வேறெதுவும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை.

நம் முன்னோர்கள் வேறு விதமாகவும் பாம்புக்கு வீடு கொடுத்தார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயில் கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். தரையில் ஈர மணல். அந்த மணலைத்தான் பிரசாதமாகத் தருகிறார்கள். கல்லில் மலைமலையாகக் கோபுரம் எழுப்பத் தெரிந்த நாட்டில், ஓர் இடத்தில் மட்டும் கல்லை ஏற்றாமல் ஓலையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓலையும் ஈர மணலும் பாம்பு விரும்பும் பொருள்கள் என்பதைப் பக்தியோடு சேர்த்துக் கவனிப்பவருக்கு அங்கே இன்னொரு தரிசனமும் கிடைக்கும். மலையாள நாட்டுப் பழைய வீடுகளின் வளாகத்தில் சர்ப்பக்காவு என்று ஒரு மூலையை விட்டுவைத்தார்கள். அங்கே மரம் வெட்டக் கூடாது, சருகு கூட்டக் கூடாது, தேவையில்லாமல் நுழையக் கூடாது. விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அவர்கள் எதையும் கட்டவில்லை. விட்டுவைத்தார்கள். நம் ஊர்களில் புற்றுக்குப் பால் வார்க்கிறோம். பால் பாம்பின் உணவு இல்லை. ஆனால் புற்று இருக்கும் இடத்தை உழக் கூடாது, இடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அந்தப் பாலோடு சேர்ந்து வந்ததே, அதுதான் பாம்புக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த படையல்.

இந்த இடத்தில் நாம் வீடு என்ற சொல்லைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் அதற்கு விடுதலை என்றும் பொருள் உண்டு. அறம், பொருள், இன்பம் என்று எண்ணி வந்து நான்காவதாக வீடு என்று முடித்தவர்கள் நாம். விடு என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. குடியிருக்கும் இடத்துக்கும் கட்டறுத்துப் போவதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி, வீட்டைச் சுவராலும் கூரையாலும் மட்டும் அளந்திருக்க முடியாது. நாள் முழுக்க உலகம் நம்மேல் பூட்டிய பார்வைகளையும் பெயர்களையும் கடமைகளையும் வாசலோடு கழற்றி விடும் இடம் எதுவோ, எவருக்கும் எதுவாகவும் தோன்ற வேண்டிய கட்டாயம் எங்கே அறுகிறதோ, போக நினைத்தால் போகவும் திரும்ப நினைத்தால் திரும்பவும் எந்த வாசல் இடம் தருகிறதோ, அதுவே வீடு என்று அந்தச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒருவருக்கு வீடு தருவது என்பது அவரை நம் பார்வையிலிருந்தும் விருப்பத்திலிருந்தும் நம் நன்மையிலிருந்தும்கூட ஓரளவு விட்டுக்கொடுப்பதாகும். அந்த விட்டுக்கொடுத்தலைச் செய்யாமல், எவ்வளவு செலவழித்து எவ்வளவு அழகான கூரையைப் போட்டுத் தந்தாலும், உள்ளே இருப்பவர் நம்மிடம் இருக்கிறாரே தவிரத் தம் வீட்டில் இருப்பதில்லை.

பாம்புக்குப் பானை வைத்த இருளர்களின் நினைவு இங்கே வந்து நெஞ்சில் தைக்கிறது. வட மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும், பட்டா இல்லாத குடிசைகளில், எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்ற கவலையோடு வாழும் இருளர் குடும்பங்கள் இன்னும் பல. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, கதவில்லாத கொட்டகைகளில் முடங்கியவர்களும் அவர்களில் உண்டு. பிற உயிர்களின் வளையை மதிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வளை இல்லை. பெண்கள் உடை மாற்றவும் மறைவில்லாத வீட்டை வீடு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். வாடகைக்கு வந்தவரின் அறைக்கு மாற்றுச் சாவி வைத்துக்கொள்கிறோம். பிள்ளையின் அறையில் கேமரா மாட்டுகிறோம், அன்பினால்தான் மாட்டுகிறோம். கூடத்து மூலையில் கட்டில் போடப்பட்ட முதியவர், நாளெல்லாம் எல்லோர் கண்ணெதிரிலும் படுத்திருக்கிறார். போர்வையைத் தலைவரை இழுத்து அவர் சுருண்டுகொள்ளும்போது, குளிர்கிறது போலும் என்று நாம் விசிறியை நிறுத்துகிறோம்.

அன்று மாலை மறுபடியும் அந்தக் கொட்டகைப் பக்கம் போனேன். காலையில் எடுத்த சட்டையை அதே சந்தில் வைத்துவிடத்தான். எடுத்ததே தவறு என்று ஏனோ பட்டது. அன்றைக்குச் சூளை பிரித்திருந்தார்கள். கொட்டகை முழுக்கச் சுட்ட மண்ணின் வாசம். வெடித்தவற்றைத் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தார்கள். இளைஞர்கள் அவற்றைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் குவியலின் முன்புறத்தில் கொட்டினார்கள். சடசடவென்று சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

ஆயா கடைசியாக ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தார். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடிய பெரிய ஊறுகாய் ஜாடி. அவர் அதை வீசவில்லை. குவியலைச் சுற்றிப் பின்பக்கம் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாய் உட்பக்கம் பார்க்கும்படி எருக்கஞ்செடிக்கு அடியில் படுக்க வைத்தார். அது உருண்டுவிடாமல் இருக்க இரண்டு உடைந்த அகல்விளக்குகளை இருபுறமும் முட்டுக் கொடுத்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டே உள்ளே போனார்.